வின்சென்ஸில் 12 ஆண்டுகள், வாஷிங்டனில் 31 நாட்கள்

தமக்கு அதிகாரம் குறைவாக இருப்பதே நாட்டுக்கு நல்லது என்று சொல்லி முடிக்க வில்லியம் ஹென்றி ஹாரிசனுக்கு ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆனது. 1841 மார்ச் 4 அன்று அமெரிக்காவின் ஒன்பதாவது அதிபராகப் பதவியேற்றபோது அவர் ஆற்றிய உரையில் 8,445 சொற்கள். அதைவிட நீண்ட பதவியேற்பு உரை இன்றுவரை கிடையாது. ஒரு முறைக்கு மேல் அதிபராக இருக்க மாட்டேன் என்றார். காங்கிரஸ் இயற்றும் சட்டங்களை வீட்டோ அதிகாரத்தால் தடுப்பது அரிதாகவே இருக்கும் என்றார். நிதியமைச்சரை நீக்க நேர்ந்தால் அதற்கான காரணங்களை இரு அவைகளுக்கும் தெரிவிப்பேன் என்றார். இடையிடையே பண்டைய ரோம் வரலாற்றிலிருந்து எடுத்துக்காட்டுகள். உரையைச் சுருக்கித் தர முயன்ற, பின்னர் அவருடைய வெளியுறவு அமைச்சரான டேனியல் வெப்ஸ்டர், ‘பதினேழு ரோமானிய ஆளுநர்களைக் கொன்றுவிட்டு வருகிறேன்’ என்று வேடிக்கையாகச் சொன்னதாக ஒரு கதை உண்டு.

ஏப்ரல் 4 அன்று நள்ளிரவு கடந்து அரை மணி நேரத்தில் ஹாரிசன் இறந்துபோனார். பதவியில் இருக்கும்போதே இறந்த முதல் அமெரிக்க அதிபர் அவர்தான். மிக நீண்ட உரை, மிகக் குறுகிய ஆட்சி. குளிரில் மேலங்கி இல்லாமல் பேசினார், சளிக் காய்ச்சலில் போனார். வினாடி வினாப் புத்தகங்களில் அவருக்குக் கிடைத்திருக்கும் இடம் இவ்வளவுதான்.

இந்த 31 நாட்களைக் கொண்டு அவரை அளப்பது பிழையான அளவை. ஹாரிசன் அதிகாரத்தை உண்மையில் கையாண்டது வாஷிங்டனில் அல்ல. இண்டியானா நிலப்பகுதியின் ஆளுநராக வின்சென்ஸ் என்னும் சிற்றூரில் இருந்த 12 ஆண்டுகளில், அமெரிக்க மண்ணில் வெகு சிலருக்கே வாய்த்த கட்டற்ற அதிகாரம் அவர் கையில் இருந்தது. அதை அவர் தயங்காமல் பயன்படுத்தினார். மறுபுறம், எந்தப் பதவியைச் சுருக்குவதாக 1841இல் வாக்களித்தாரோ, அந்தப் பதவி அவருடைய மரணத்தாலேயே மேலும் வலுப்பெற்றது. அவர் வாழ்க்கையை ஆராயத் தகுந்ததாக்குவது இந்த இரண்டு முரண்களும்தான்.

மருத்துவப் படிப்பிலிருந்து போர்முனைக்கு

ஹாரிசன் 1773 பிப்ரவரி 9 அன்று வர்ஜீனியாவில் ஜேம்ஸ் ஆற்றங்கரையில் உள்ள பெர்க்லி தோட்டத்தில் பிறந்தார். அடிமைகளின் உழைப்பில் செழித்த பெருந்தோட்டம் அது. தந்தை ஐந்தாம் பெஞ்சமின் ஹாரிசன், 1776 சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர். பின்னர் வர்ஜீனியாவின் ஆளுநர். ஏழு பிள்ளைகளில் வில்லியம் கடைக்குட்டி. குடும்பச் சொத்து மூத்தவர்களுக்குப் போகும் என்பதால் இளையவனுக்கு ஒரு தொழில் வேண்டும் என்று தந்தை அவரை மருத்துவம் படிக்க அனுப்பினார். பிலடெல்பியாவில் அக்காலத்தின் புகழ்பெற்ற மருத்துவர் பெஞ்சமின் ரஷ்ஷிடம் படிக்கச் சென்ற 1791ஆம் ஆண்டிலேயே தந்தை இறந்தார். பணவரத்து நின்றது. படிப்பிலும் நாட்டமில்லை. 18 வயதில் ராணுவத்தில் சேர்ந்து, ஒஹையோ ஆற்றங்கரையில் இன்றைய சின்சினாட்டி இருக்கும் இடத்தில் அன்றிருந்த வாஷிங்டன் கோட்டைக்குப் போனார்.

புதிய குடியரசின் எல்லை அன்று அதுதான். ஒஹையோ ஆற்றுக்கு வடக்கே இருந்த நிலத்தில் ஷானி, மயாமி, டெலவேர் முதலான பூர்வகுடி மக்கள் வாழ்ந்துவந்தார்கள். 1794 ஆகஸ்ட் 20 அன்று ஃபாலன் டிம்பர்ஸ் என்ற இடத்தில் அந்த மக்களின் கூட்டுப்படையை ஜெனரல் அந்தோணி வெய்ன் தோற்கடித்தார். அவருடைய துணை அதிகாரியாகக் களத்தில் இருந்த ஹாரிசன், மறு ஆண்டு கிரீன்வில் ஒப்பந்தத்திலும் கையெழுத்திட்டார். இன்றைய ஒஹையோ மாநிலத்தின் பெரும்பகுதி அந்த ஒப்பந்தத்தால் கைமாறியது. போர்க்களத்தில் வென்றதை மேசையில் எழுதி வாங்கும் முறையை அவர் கற்றுக்கொண்டது இங்கேதான். அதே 1795இல், அப்பகுதியின் பெரிய நில வணிகரும் நீதிபதியுமான ஜான் கிளீவ்ஸ் சிம்ஸின் மகள் அன்னாவை மணந்தார். பத்துப் பிள்ளைகள் பிறந்தார்கள்.

1799இல் வடமேற்கு நிலப்பகுதியின் பிரதிநிதியாகக் காங்கிரசுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். கிடைத்தது 11 வாக்கு, எதிராளிக்கு 10. அங்கே அவர் முன்னின்று கொண்டுவந்த 1800ஆம் ஆண்டு நிலச் சட்டம், அரசு நிலத்தை 320 ஏக்கர் துண்டுகளாக, ஏக்கர் 2 டாலர் விலையில், நான்கு ஆண்டுத் தவணையில் வாங்க வழி செய்தது. குடியேறிகளிடையே அவருக்குப் பெயர் கிடைத்தது. ஆனால் விற்பதற்கு நிலம் வேண்டும். அந்த நிலம் வேறு மக்களிடம் இருந்தது.

ஆளுநர் என்ற சிற்றரசர்

1800இல் அதிபர் ஜான் ஆடம்ஸ் ஹாரிசனைப் புதிய இண்டியானா நிலப்பகுதியின் ஆளுநராக நியமித்தார். வயது 27. இன்றைய இண்டியானா, இல்லினாய், விஸ்கான்சின் மாநிலங்களும் அவற்றை ஒட்டிய பகுதிகளும் அவர் ஆளுகைக்குள் வந்தன. சட்டமன்றம் கிடையாது, ஆளுநரும் மூன்று நீதிபதிகளும் சேர்ந்து சட்டம் வகுப்பார்கள். ஊர் நடுவர்களையும் படை அதிகாரிகளையும் ஆளுநரே நியமிப்பார். 1805இல் சட்டமன்றம் அமைந்த பிறகும், அது இயற்றும் எதையும் முற்றாக நிராகரிக்கும் உரிமை அவரிடம் இருந்தது. அவருடைய வீட்டோவை மீறிச் சட்டமியற்ற அங்கே வழியே இல்லை. 1803 முதல் பூர்வகுடிகளோடு ஒப்பந்தம் செய்யும் முழு அதிகாரமும் சேர்ந்துகொண்டது. வின்சென்ஸில் அவர் கட்டிய கிரவுஸ்லேண்ட் மாளிகை, வர்ஜீனியாத் தோட்ட வீட்டின் சாயலில் எல்லைப்புறத்தில் எழுந்த செங்கல் கட்டடம்.

இந்த அதிகாரத்தை அவர் செலுத்திய திசைகள் இரண்டு. முதலாவது, அடிமைமுறை. ஒஹையோ ஆற்றுக்கு வடக்கே அடிமைமுறை கூடாது என்று 1787ஆம் ஆண்டு வடமேற்கு அவசரச் சட்டத்தின் ஆறாவது பிரிவு தடை விதித்திருந்தது. அந்தத் தடையைப் பத்தாண்டுகளுக்கு நிறுத்திவைக்கக் கோரி 1802இல் வின்சென்ஸில் கூடிய மாநாடு காங்கிரசுக்கு மனு அனுப்பியது. மாநாட்டுக்குத் தலைமை ஹாரிசன். காங்கிரஸ் இசையவில்லை. உடனே சுற்றுவழி தேடப்பட்டது. ‘ஒப்பந்த ஊழியர்’ என்ற பெயரில் கறுப்பின மக்களை நீண்ட காலத்துக்குக் கட்டிவைக்க உள்ளூர்ச் சட்டங்கள் வந்தன. 1805ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பதினைந்து வயதுக்குட்பட்டவர்களாகக் கொண்டுவரப்பட்டால் ஆண்கள் 35 வயது வரையும் பெண்கள் 32 வயது வரையும் உழைக்க வேண்டும். பெயர் மாறியது, வாழ்க்கை மாறவில்லை. இதை எதிர்த்துப் பேசி வளர்ந்த ஜோனத்தன் ஜென்னிங்ஸ் 1809இல் காங்கிரஸ் பிரதிநிதியாகத் தேர்வானார். மறு ஆண்டு அந்தச் சட்டம் நீக்கப்பட்டது. மக்கள் வாக்களிக்கும் வாய்ப்பு வந்ததும் ஹாரிசனின் செல்வாக்குக்கு முதல் அடி விழுந்தது இந்தக் கேள்வியில்தான்.

இரண்டாவது திசை நிலம். இதில் அவருக்கு வழிகாட்டியவர் தாமஸ் ஜெஃபர்சன். 1803 பிப்ரவரி 27 அன்று அதிபர் ஜெஃபர்சன் ஹாரிசனுக்குத் தனிப்பட எழுதிய கடிதம், அமெரிக்க வரலாற்றின் மிகத் தெளிவான வாக்குமூலங்களில் ஒன்று. அரசு வணிகக் கிடங்குகளைப் பெருக்க வேண்டும். பூர்வகுடிகளில் செல்வாக்கு உள்ளவர்கள் கடனில் விழுந்தால் நல்லது. தீர்க்க முடியாத அளவுக்குக் கடன் ஏறினால் நிலத்தைக் கொடுத்துக் கணக்கை முடிக்க அவர்களே முன்வருவார்கள் என்பது அதன் சாரம்.

ஹாரிசன் அந்தக் கொள்கையைச் செயலாக்கினார். ஒரே நிலத்துக்குப் பல இனக்குழுக்கள் உரிமை கொண்டாடும்போது, இணங்கி வரும் குழுவோடு முதலில் ஒப்பந்தம் செய்து மற்றவர்களுக்கு வேறு வழி இல்லாமல் செய்வது அவர் உத்தி. பரிசுப்பொருள், ஆண்டுத்தொகை, தலைவர்களிடையே உள்ள பகை அனைத்தும் அதற்குப் பயன்பட்டன. 1804 நவம்பரில் செயின்ட் லூயிஸில் நடந்தது இதற்குச் சான்று. ஒரு கொலை வழக்கைத் தீர்த்து, கைதியாக இருந்த தங்கள் ஆளை மீட்க வந்த சாக், ஃபாக்ஸ் மக்களின் சிறு குழுவிடம் அவர் பெரும் நிலப்பரப்பை எழுதி வாங்கினார். மிசிசிப்பியின் கிழக்கே இல்லினாய், விஸ்கான்சின் பகுதிகளும், மேற்கே மிசூரியின் ஒரு பகுதியும் அதில் அடக்கம். விலை 2,234.50 டாலர் மதிப்புள்ள பொருட்கள். ஆண்டுக்கு 1,000 டாலர். நிலத்தை விற்க அந்தக் குழுவுக்கு அதிகாரமே இல்லை என்று சாக் தலைவர் பிளாக் ஹாக் இறுதிவரை வாதிட்டார். 1832இல் அவர் தம் மக்களுடன் ஆற்றைக் கடந்து திரும்ப முயன்றபோது வெடித்த போருக்கும், பேட் ஆக்ஸ் ஆற்றருகே நடந்த படுகொலைக்கும் வேர் அந்த ஒப்பந்தத்தில் இருக்கிறது.

டெக்கம்சே என்ற எதிர்வாதம்

இந்த ஒப்பந்தக் கலைக்கு அரசியல் விடை ஒன்றை முன்வைத்தவர்கள் ஷானி இனத்தைச் சேர்ந்த இரு சகோதரர்கள். தம்பி டென்ஸ்க்வாடவா, ‘தீர்க்கதரிசி’ எனப்பட்டவர். மதுவையும் வெள்ளையரின் பழக்கங்களையும் விட்டு மூதாதையர் வழிக்குத் திரும்ப அழைத்தார். 1806இல் ஹாரிசன் டெலவேர் மக்களுக்கு ஒரு செய்தி அனுப்பினார். டென்ஸ்க்வாடவா உண்மையான தீர்க்கதரிசி என்றால் சூரியனை நிறுத்திக் காட்டட்டும் என்று சவால் விட்டார். அந்த ஜூன் 16 அன்று முழுச் சூரிய கிரகணம் வந்தது. தீர்க்கதரிசி அதை முன்கூட்டியே அறிவித்திருந்தார். எதிராளியைச் சிறுமைப்படுத்த எழுதிய கடிதம் அவருக்கே புகழ் சேர்த்தது.

அண்ணன் டெக்கம்சே இதை அரசியலாக்கினார். நிலம் எல்லா இனக்குழுக்களுக்கும் பொது. ஒரு குழு தனியாக விற்க உரிமை இல்லை என்பது அவர் நிலைப்பாடு. ஹாரிசனின் முறை எந்த விரிசலை நம்பி நின்றதோ, அதை நேரடியாக அடைக்கும் கோட்பாடு இது. 1809 செப்டம்பர் 30 அன்று ஃபோர்ட் வெய்ன் ஒப்பந்தத்தில் ஏறக்குறைய 30 லட்சம் ஏக்கர் கைமாறியபோது மோதல் உறுதியாயிற்று. 1810 ஆகஸ்டில் டெக்கம்சே வீரர்களுடன் கிரவுஸ்லேண்டுக்கு வந்து, அந்த ஒப்பந்தத்தை ஏற்க முடியாது என்று ஹாரிசனின் முகத்துக்கு நேரே சொன்னார். ஒரு கட்டத்தில் இரு தரப்பும் ஆயுதம் உருவும் நிலை வந்து அடங்கியது. எதிரியின் தகுதியை ஹாரிசன் அறியாதவர் அல்லர். மறு ஆண்டு போர்த்துறைக்கு எழுதியபோது, அமெரிக்கா பக்கத்தில் இல்லாவிட்டால் மெக்சிகோ, பெரு பேரரசுகளுக்கு இணையான ஒன்றை நிறுவியிருக்கக்கூடிய அபூர்வ மேதை என்று டெக்கம்சேயை வருணித்தார்.

டெக்கம்சே ஆதரவு திரட்டத் தெற்கே போயிருந்த நேரம் பார்த்து, ஏறக்குறைய 1,000 பேருடன் ஹாரிசன் சகோதரர்களின் ஊரை நோக்கி நகர்ந்தார். 1811 நவம்பர் 7 விடியுமுன் டிப்பிக்கனூ ஆற்றருகே அவருடைய முகாம் தாக்கப்பட்டது. இரண்டு மணி நேரச் சண்டை. ஹாரிசனின் தரப்பில் இறந்தவர்களும் காயமுற்றவர்களும் 180க்கும் மேல்; எதிர்த் தரப்பைவிடப் பெரிய இழப்பு இதுவாகவே இருக்கலாம். முகாம் குலையாமல் நின்றதால் தாக்கியவர்கள் விலகினார்கள். ஆளற்ற ஊரையும் தானியக் களஞ்சியத்தையும் ஹாரிசன் கொளுத்தினார். எல்லையில் அமைதி வரவில்லை. தாக்குதல்கள் கூடின, 1812 போரில் டெக்கம்சே பிரிட்டிஷ் தரப்பில் சேர்ந்தார். உறுதியான வெற்றி பிறகுதான் வந்தது. 1813 அக்டோபர் 5 அன்று கனடாவின் தேம்ஸ் ஆற்றுப் போரில் ஹாரிசனின் படை வென்றது. டெக்கம்சே களத்தில் மாண்டார். பூர்வகுடிகளின் கூட்டமைப்புக் கனவும் அவருடன் முடிந்தது. ஆனால் தேர்தல் முழக்கமாக நிலைத்தது தேம்ஸ் அல்ல, டிப்பிக்கனூ.

மரக்குடிசையும் ஆப்பிள் மதுவும்

1814இல் படையை விட்டு விலகிய பிறகு ஹாரிசனின் பொதுவாழ்க்கை மெல்ல இறங்கியது. காங்கிரஸ், ஒஹையோ மாநில செனட், பிறகு அமெரிக்க செனட் எனப் பதவிகள் வந்தன. 1828இல் கொலம்பியாவுக்குத் தூதரானார். அடுத்து அதிபரான ஆண்ட்ரூ ஜாக்சன் அவரைத் திரும்ப அழைத்துக்கொண்டார். புறப்படுமுன் 1829 செப்டம்பரில், அந்நாட்டை ஆண்ட சிமோன் பொலிவாருக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். சர்வாதிகாரத்தின் பக்கம் சாயாதீர்கள், உண்மையான புகழ் மக்களின் உரிமையைக் காப்பதில் இருக்கிறது என்பது அவர் அறிவுரை. வின்சென்ஸின் முன்னாள் ஆளுநர் இப்படி எழுதியது கவனிக்கத்தக்கது. 1836 வாக்கில் அவர் வருமானத்துக்காகச் சின்சினாட்டி நீதிமன்றத்தில் எழுத்தராக இருந்தார்.

அப்போதுதான் விக் கட்சிக்கு ஒரு போர்வீரர் தேவைப்பட்டார். ஜாக்சனை எதிர்த்துத் திரண்ட பலதரப்பட்டவர்களின் கூட்டு அது. வங்கி, வரி, அடிமைமுறை எதிலும் ஒரே கருத்து கிடையாது. 1836இல் பல வேட்பாளர்களை நிறுத்தித் தோற்றது. ஆனால் ஹாரிசன் 73 தேர்வாளர் வாக்குகள் பெற்றுத் தம் பலத்தைக் காட்டினார். 1837இல் வங்கிகள் நொடித்து, வேலையின்மை பெருகி, அதிபர் மார்ட்டின் வான் பியூரன் செல்வாக்கிழந்தார். 1839 டிசம்பரில் ஹாரிஸ்பர்க்கில் கூடிய கட்சி மாநாடு, கட்சியின் மூளையான ஹென்றி கிளேயை ஒதுக்கிவிட்டு ஹாரிசனைத் தேர்ந்தது. கொள்கை அறிக்கை எதையும் வெளியிடவில்லை. வேட்பாளர் தம் கொள்கைகளைப் பற்றி ஒரு சொல்லும் பேசாதிருக்க வேண்டும் என்று வங்கியாளர் நிக்கலஸ் பிடில் 1835லேயே எழுதியிருந்தார்.

வெற்றிடத்தை நிரப்பிக் கொடுத்தது எதிரணிதான். ஒரு பீப்பாய் ஆப்பிள் மதுவும் ஆண்டுக்கு 2,000 டாலர் ஓய்வூதியமும் கொடுத்தால் கிழவர் மரக்குடிசையிலேயே நிம்மதியாக இருந்துவிடுவார் என்ற பொருளில் பால்டிமோரின் ஜனநாயகக் கட்சிப் பத்திரிகை கேலி செய்தது. விக் கட்சி அந்தக் கேலியையே கொடியாக உயர்த்தியது. ஊர்வலங்களில் சக்கரம் பூட்டிய மரக்குடிசைகள் வந்தன. மது இலவசமாக ஓடியது. பத்தடி விட்டமுள்ள பந்துகளை முழக்கம் பாடியபடி ஊர் ஊராக உருட்டிச் சென்றார்கள். பத்திரிகையாளர் ஹொரஸ் கிரீலி ‘மரக்குடிசை’ என்ற பெயரிலேயே வார இதழ் நடத்தினார். வாக்குரிமை இல்லாத பெண்களும் கூட்டங்களுக்குத் திரண்டு வந்தது அமெரிக்காவுக்குப் புதிது. வேட்பாளர் தாமே மேடையேறி ஆதரவு கேட்பதும் புதிது. 1840 ஜூனில் ஹாரிசன் அந்த வழக்கத்தைத் தொடங்கிவைத்தார்.

மறுபுறம், வெள்ளை மாளிகையில் வான் பியூரன் ஆடம்பரமாக வாழ்கிறார் என்று பென்சில்வேனியா உறுப்பினர் சார்லஸ் ஓகிள் 1840 ஏப்ரலில் காங்கிரசில் நீண்ட உரை ஆற்றினார். தங்க முலாம் கரண்டிகள் பேசுபொருளாயின. உண்மை தலைகீழ். வான் பியூரன் ஒரு மதுக்கடைக்காரரின் மகன். மரக்குடிசை வீரரோ பெருந்தோட்ட மாளிகையில் பிறந்தவர். ஒஹையோவின் நார்த் பெண்டில் அவர் வாழ்ந்த வீட்டின் ஒரு பகுதி மட்டுமே மரக்கட்டைக் குடிசையாக இருந்தது, மற்றவை அதைச் சுற்றி வளர்ந்த அறைகள். டெக்கம்சேயைக் கொன்றவர் தாமே என்று சொல்லிக்கொண்ட ரிச்சர்ட் ஜான்சன் வான் பியூரனின் துணை அதிபராக எதிரணியில் நின்றார். ஒரே சாவை இரு கட்சிகளும் வாக்காக மாற்ற முயன்றன.

வாக்குரிமை பெற்றிருந்தவர்களில் சுமார் 80 விழுக்காட்டினர் வாக்களித்தார்கள்; 1836இல் வாக்களித்தவர்கள் 15 லட்சம், இம்முறை 24 லட்சம். ஹாரிசனுக்கு 234 தேர்வாளர் வாக்குகள், வான் பியூரனுக்கு 60. இந்தப் பேரலையில் துணை அதிபர் வேட்பாளர் யார் என்று ஆராய எவரும் நிற்கவில்லை. வர்ஜீனியாவின் ஜான் டைலர், ஜாக்சனோடு சண்டையிட்டு ஜனநாயகக் கட்சியிலிருந்து வந்தவர். விக் கட்சி விரும்பிய தேசிய வங்கியை அரசியல் சட்டத்துக்கு முரணானதாகக் கருதியவர்.

31 நாட்கள்

ஹாரிசன் ஆட்சியில் நடந்தவை சில பத்திகளில் அடங்கும். வெப்ஸ்டரை வெளியுறவுத் துறைக்கும் தாமஸ் யூயிங்கை நிதித் துறைக்கும் அமைச்சராக்கினார். வேலை கேட்டு வந்தவர்கள் வெள்ளை மாளிகையின் அறைகளையும் படிகளையும் அடைத்துக்கொண்டார்கள். 12 ஆண்டுகளாக எதிர்க்கட்சியில் இருந்தவர்களின் பசி அது. மனைவி அன்னா உடல்நலமின்றி நார்த் பெண்டிலேயே தங்கிவிட்டார். மே மாதம் வருவதாக ஏற்பாடு.

உண்மையான மோதல் கிளேயோடு நடந்தது. காங்கிரசுக்கு அடங்கிய அதிபர் என்ற கோட்பாட்டின் நடைமுறைப் பொருள், கிளே ஆள்வார் ஹாரிசன் கையெழுத்திடுவார் என்பதுதான். கிளே உடனே காங்கிரசின் சிறப்புக் கூட்டத்தைக் கூட்டும்படி நெருக்கினார், அறிவிக்கையின் வரைவையும் தாமே எழுதி அனுப்பினார். நீங்கள் அவசரப்படுகிறீர்கள் என்று ஹாரிசன் பதில் எழுதினார். இனி நேரில் வருவதைவிட எழுத்தில் தெரிவிப்பது நல்லது என்றும் குறிப்புக் காட்டினார். கிளே மனம் கசந்து ஊர் திரும்பினார். கருவூலம் வற்றுவதாக யூயிங் தெரிவித்த பிறகு, மார்ச் 17 அன்று ஹாரிசன் தாமே சிறப்புக் கூட்டத்தை மே 31க்கு அழைத்தார். கூட்டம் நடந்தபோது அவர் இல்லை.

உயிரைப் பறித்தது குளிரா, குடிநீரா?

மார்ச் 26 அன்று மருத்துவர் தாமஸ் மில்லர் அழைக்கப்பட்டார். மறுநாள் குளிர் நடுக்கம். வலப்புற நுரையீரலின் கீழ்ப்பகுதியில் அழற்சி என்று மில்லர் முடிவு செய்தார். கல்லீரலிலும் கோளாறு என்றார். அபின், விளக்கெண்ணெய், பாதரசக் கலவையான கலோமெல், கற்பூரம், வாந்தி மருந்து, உடலில் கோப்பை வைத்து உறிஞ்சுதல் என அக்கால மருத்துவம் அனைத்தும் கையாளப்பட்டது. ஒன்பதாவது நாள் நோயாளி இறந்தார்.

மில்லர் எழுதிவைத்த நோய்க்குறிப்பை 2014இல் ஆய்வாளர்கள் ஜேன் மக்ஹியூ, பிலிப் மாகோவியாக் இருவரும் மறு ஆய்வு செய்தார்கள். நுரையீரல் அழற்சி ஒன்றே நோயை முழுதாக விளக்கவில்லை என்று மில்லரே உணர்ந்திருந்ததை அவர்கள் சுட்டினார்கள். இருமலைவிட முன்னால் நின்றவை வயிற்று உபாதைகள்: மலச்சிக்கல், வயிற்று உப்புசம், இறுதியில் நாடி தளர்ந்து கைகால் சில்லிட்டது. பதவியேற்பு விழாவுக்கும் நோய்க்கும் இடையே மூன்று வாரங்கள். அன்றைய குளிரை நோயோடு முடிச்சுப் போட இந்த இடைவெளி இடம் தரவில்லை.

ஆய்வாளர்கள் காட்டிய குற்றவாளி குடிநீர். 1850 வரை வாஷிங்டனில் கழிவுநீர்க் குழாய்கள் கிடையாது. நகரின் மனிதக் கழிவை அரசுச் செலவில் வண்டியில் ஏற்றிக் கொட்டிய வெளி, வெள்ளை மாளிகைக்கு நீர் வந்த ஊற்றுக்கு மேட்டுப்பகுதியில் இருந்தது. டைபாய்டு வகைக் காய்ச்சலை உண்டாக்கும் கிருமிகள் அவ்வழியே வந்திருக்கலாம் என்பது அவர்கள் கணிப்பு. ஹாரிசன் நெடுங்காலமாக அஜீரணத்துக்குக் கார மருந்து எடுத்துவந்தவர்; வயிற்று அமிலம் குறைந்தால் கிருமிக்கு எதிரான முதல் அரண் குறையும். குடலைத் தளர்த்தும் அபின் நிலைமையை மோசமாக்கியிருக்கும். அதே மாளிகையில் வாழ்ந்த ஜேம்ஸ் போக் பதவி முடிந்த சில மாதங்களில் 1849இலும், சக்கரி டெய்லர் பதவியிலிருக்கும்போதே 1850இலும் வயிற்று நோயால் இறந்ததும் இதற்குத் துணைச் சான்று. உடலைத் தோண்டிச் சோதிக்காமல் இதை நிறுவ முடியாது. ஆனாலும் மேலங்கி அணியாத பிடிவாதத்தைவிட நகராட்சியின் கழிவுக் கிடங்கு நோயைப் பொருத்தமாக விளக்குகிறது.

பதவி யாருடையது?

அதிபர் இறந்தால் என்ன செய்வது என்பதை அரசியல் சட்டம் தெளிவாகச் சொல்லியிருக்கவில்லை. இறப்பு, பதவி விலகல், நீக்கம், செயலிழப்பு ஆகிய நிலைகளில் ‘அது’ துணை அதிபரைச் சேரும் என்று இரண்டாம் பிரிவு கூறியது. சேர்வது அதிபர் பதவியா, அப்பதவியின் பணிகள் மட்டுமா? அமைச்சர்கள் டைலரைத் துணை அதிபர் என்று விளித்தே செய்தி அனுப்பினார்கள். வெப்ஸ்டரின் மகன் ஃபிளெட்சர் வர்ஜீனியாவின் வில்லியம்ஸ்பர்க்குக்கு விரைந்து சென்று ஏப்ரல் 5 விடியலில் டைலரிடம் அதைச் சேர்த்தார். மறுநாள் காலை டைலர் வாஷிங்டனில் இருந்தார்.

அவர் வாதிடவில்லை, நடந்துகொண்டார். துணை அதிபராக ஏற்ற உறுதிமொழியே போதும், ஆனால் ஐயம் எழாதிருக்கட்டும் என்று கூறி, ஒரு விடுதியில் நீதிபதி வில்லியம் கிரான்ச் முன் அதிபருக்குரிய உறுதிமொழி எடுத்தார். அமைச்சரவையில் அதிபரின் வாக்கும் மற்றவர்களின் வாக்கைப் போல் ஒன்றே என்ற ஏற்பாட்டை ஏற்க மறுத்தார். ‘விபத்துத் திருமகன்’ என்று எதிரிகள் நகைத்தார்கள். அவர் பொறுப்பு அதிபர் மட்டுமே என்று முன்னாள் அதிபர் ஜான் குயின்சி ஆடம்ஸ் தம் நாட்குறிப்பில் பொருமினார். ஜூன் 1 அன்று டைலரைத் துணை அதிபர் என்றே குறிக்க வேண்டும் என்ற திருத்தத்தை செனட் 38-8 என்ற வாக்கில் தோற்கடித்தது. நடைமுறை சட்டமாயிற்று.

பிறகு அந்தப் பதவியை அவர் எப்படிப் பயன்படுத்தினார் என்பதுதான் விக் கட்சியின் தலைவிதி. தேசிய வங்கி மசோதாக்கள் இரண்டை ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் அடுத்தடுத்து வீட்டோ செய்தார். வெப்ஸ்டர் தவிர அமைச்சர்கள் அனைவரும் விலகினார்கள். கட்சி அவரை வெளியேற்றியது. அவர் அசையவில்லை. 1845இல் டெக்சாஸ் இணைப்பில் கையெழுத்திட்டுவிட்டுத்தான் இறங்கினார். அதிபர் வீட்டோவைச் சிக்கனமாகப் பயன்படுத்த வேண்டும் என்ற வாக்குறுதியோடு பிடித்த ஆட்சி, வீட்டோவின் ஆட்சியாக முடிந்தது.

டைலரின் முன்மாதிரி பின்னர் ஏழு முறை தேசத்தைக் காத்தது. 1865, 1945, 1963 போன்ற நெருக்கடிகளில் துணை அதிபர் சில மணி நேரத்தில் ஐயத்துக்கு இடமின்றி அதிபரானார். அதன் மறுபக்கத்தைக் குறைவாகவே பேசுகிறோம். அரசியல் சட்டம் மரணத்தையும் செயலிழப்பையும் ஒரே வாக்கியத்தில் வைத்திருந்தது. மரணத்தின்போது பதவியே கைமாறும் என்றால், நோயின்போதும் அப்படித்தான். பிறகு குணமாகி வரும் அதிபர் எங்கே போவார்? இந்த அச்சம் காரணமாகவே 1881இல் குண்டடி பட்ட ஜேம்ஸ் கார்ஃபீல்ட் 79 நாட்கள் படுக்கையில் கிடந்தபோது துணை அதிபர் ஆர்தர் ஒதுங்கியிருந்தார். 1919இல் பக்கவாதத்தால் வுட்ரோ வில்சன் முடங்கியபோதும் எவரும் முன்வரவில்லை. 1967இல் நிறைவேறிய 25ஆவது திருத்தமே இரண்டையும் பிரித்தது: இறந்தால் துணை அதிபர் அதிபராகிறார், செயலிழந்தால் பொறுப்பு வகிக்கிறார். 1841இல் எழுந்த கேள்விக்கு எழுத்தில் விடை வர 126 ஆண்டுகள் ஆயின.

எதை வைத்து மதிப்பிடுவது?

அதிபர்களைத் தரவரிசைப்படுத்தும் ஆய்வுகள் பல ஹாரிசனை விட்டுவிடுகின்றன. ஆட்சி மிகக் குறுகியது, அளக்க ஒன்றுமில்லை என்பது காரணம். அதிபர் பதவியை மட்டும் எடுத்துக்கொண்டால் அது நியாயம். உயிரோடு இருந்திருந்தால் அவர் கிளேயிடம் பணிந்திருப்பாரா, அவருக்கு எழுதிய பதிலில் காட்டிய தன்னிச்சையைத் தொடர்ந்திருப்பாரா என்பதெல்லாம் ஊகம்.

ஆனால் அதிகாரம் கையில் கிடைத்தால் அவர் என்ன செய்வார் என்பதற்கு ஊகம் தேவையில்லை. தடுக்க வல்ல சட்டமன்றம் இல்லாத இடத்தில், தலைநகரிலிருந்து வாரக்கணக்கில் பயணத் தொலைவில், அவர் செய்தவை ஒப்பந்தங்களாகவும் சட்டங்களாகவும் பதிவாகியிருக்கின்றன. அடிமைமுறைத் தடையைத் தளர்த்தப் பார்த்தார். உரிமையற்றவர்களிடம் நிலம் எழுதி வாங்கினார். எதிர்த்த ஊரைக் கொளுத்தினார். 1841இல் கட்டுப்படுத்தப்பட்ட அதிகாரத்தைப் புகழ்ந்தவர் பொய் சொன்னார் என்று கொள்ள வேண்டியதில்லை. அவர் கண்ணில் அந்தக் கட்டுப்பாடு குடிமக்களுக்கும் அவர்களுடைய பிரதிநிதிகளுக்கும் உரியது. ஷானிகளும் சாக்குகளும் கறுப்பின ஊழியர்களும் அந்தக் கணக்கில் சேரவே இல்லை. ஹாரிசன் ஒருவருடைய குறை அல்ல இது. அவரைக் கொண்டாடித் தேர்ந்த குடியரசின் எல்லையும் அதுவே. அந்த எல்லையை அறிய, அவர் அதிபராக இருந்த ஒரு மாதத்தைவிட ஆளுநராக இருந்த 12 ஆண்டுகளே நம்பகமான ஆவணம்.